புளி போட்டு விளக்கிய தோட்டாக்கள்

பென்னலூரில் ஆயுத பூஜையன்று எல்லா வீட்டிலும் கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைப்பார்கள். கொஞ்சம் வசதியான வீடென்றால் ஒரு சைக்கிள் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். நடேசன் வீட்டில் மட்டும் தலைவாழை இலையில் ஒரு ரிவால்வர் படுத்திருக்கும். அதன் தலைமாட்டில் ஆறு தோட்டாக்கள், ஆறு குட்டிக் கலசங்களைப் போல வரிசையாக நிற்கும். அதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைப்பாக்கத்திலிருந்தும் சுங்குவார்சத்திரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒரு வருஷம் கூட்டம் நெருக்கியதில் வாசற்கதவு நிலையோடு பெயர்ந்து வந்துவிட்டது. மறுநாள் அதை மாட்டிக்கொடுத்த ஆசாரியும் அந்தக் கூட்டத்தில் நெருக்கினவர்தான்.

தோட்டாக்களின் மினுமினுப்புக்கு முழுப் பொறுப்பும் செங்கமலத்துடையது. பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு, மணி எல்லாவற்றோடும் சேர்த்து அந்த ஆறையும் புளித்தண்ணீரில் போட்டு ஊறவைப்பாள். ஊறினபிறகு செங்கல் தூளைத் தொட்டு, உடம்பு, கழுத்து, அடிப்பாகம் என்று ஒரு இடம் விடாமல் தேய்ப்பாள். பதினான்கு வருஷமாகத் தேய்த்திருக்கிறாள். அவற்றை வெயிலில் வைத்தால் அந்த ஒளி பட்டு, வானத்தில் போகிற மீனம்பாக்கம் விமானம் கொஞ்சம் தடுமாறும் என்று ஊரில் பேச்சு.

நடேசனின் பங்கு வேறு. ரிவால்வர் இருந்த தேக்குப் பெட்டியின் மூடிக்கு உட்புறம், மேடக்ஸ் துரை தன் கையால் எழுதி ஒட்டின காகிதம் ஒன்று இருந்தது. கட்டம் கட்டமாக இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும். நடேசனுக்கு ஜீப் ஓட்டத் தெரியும், லாரி ஓட்டத் தெரியும், இங்கிலீஷில் கையெழுத்துப் போடக்கூடத் தெரியும். படிக்கத் தெரியாது. ஆனாலும் துரை எழுதினது என்றால் மந்திரத்துக்குக் குறைந்ததா? அதனால் ஒவ்வொரு வருஷமும் அந்தக் காகிதத்துக்கு மூன்று விரலால் சந்தனம் தீற்றி, நடுவில் கால் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைப்பார்.

மேடக்ஸ் துரை ஒரகடத்துப் பக்கம் கல் உடைக்கும் மிஷின் போட்டிருந்தவர். நடேசன் அவருக்கு ஜீப் ஓட்டினார். துரைக்குக் கல்லில் மனசு இல்லை. தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து எங்கெங்கிருந்தோ வாங்கின தோட்டாக் கூடுகளை அறுப்பார், ராவுவார், ஈயம் உருக்கி ஊற்றுவார், தராசில் மருந்து நிறுப்பார். அப்படிச் செய்த தோட்டாவை ஒரே ஒருதரம் அவர் சுட்டு நடேசன் பார்த்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் பதினேழு ஓடு விழுந்தது, இரண்டு எருமை பால் மறந்தது, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அவசரப்பட்டுத் தாலி கட்டிவிட்டான். ஐம்பத்தொன்பதில் துரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினபோது, முறைப்படி கலெக்டர் ஆபீசில் எழுதிக்கொடுத்து, ரிவால்வரையும் மிச்சமிருந்த ஆறு தோட்டாவையும் நடேசனிடம் விட்டுப் போனார். லைசென்சில் காரணம் என்ற இடத்தில் 'காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க' என்று இருந்தது. பென்னலூரில் காட்டுப்பன்றியைப் பார்த்தவர் யாருமில்லை. ரிவால்வருக்குப் பயந்துதான் வரவில்லை என்று நடேசன் சொல்வார்.

எழுபத்து மூன்றாம் வருஷத்துப் பூஜை முடிந்து நான்காம் நாள், சுங்குவார்சத்திரத்துக்கு அந்தாண்டை புதிதாகக் கட்டியிருந்த சைக்கிள் செயின் கம்பெனியின் கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. சம்பளப் பணத்தோடு வரும் வேனுக்குக் காவலாக ஒரு துப்பாக்கிக்காரர் வேண்டும். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருக்கவேண்டும். வயது ஐம்பதுக்குள்.

நடேசனுக்கு சர்டிபிகேட் பிரகாரம் தை பிறந்தால் ஐம்பது. அவர் லாரி ஓட்டின அரிசி மில் மூடி இரண்டு வருஷமாகிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் அடுப்பு எரிந்தது செங்கமலத்தின் நடவுக் கூலியில். அவள் முழங்கால் வீங்கி, இப்போதெல்லாம் குனிந்தால் நிமிர்வதற்குச் சுவர் தேடினாள். இந்த வேலை கிடைத்தால் அவள் சேற்றிலிருந்து ஏறலாம். கிடைக்காவிட்டால் இன்னொரு வேலை எந்தக் கம்பெனியும் ஐம்பது வயசு ஆளுக்கு வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

கம்பெனியில் பர்சனல் ஆபீசர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"மிஸ்டர் நடேசன், உங்க ரிவால்வர் ஜோரா இருக்கு. ரெண்டு கண்டிஷன்தான். பன்னண்டு தோட்டா ஸ்டாக்ல இருக்கணும். மார்கழி இருபத்தெட்டாம் தேதி எங்க முன்னாடி சுட்டுக் காட்டணும்."

"ஆறு கீதுங்க."

"இன்னும் ஆறு வாங்கிக்குங்க. கடையில விக்குதே."

கடையில் விற்கிறது என்றுதான் நடேசனும் நினைத்தார்.

சென்னையில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த முனிரத்தினம், துப்பாக்கியின் வாடையை வைத்தே அது எந்த ஊரில் செய்தது என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் ஒரு தோட்டாவை எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். அலமாரியிலிருந்து எட்டு விதமான தோட்டாவை எடுத்து ரிவால்வரின் உருளையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று பாதியில் நின்றது. ஒன்று உள்ளே போய்க் கலகலவென்று ஆடியது. ஒன்று மறுபக்கம் வழியாகக் கீழே விழுந்தது.

"இது கம்பெனித் தோட்டா இல்ல பெரியவரே. வேற எதோ தோட்டாவோட கூட்ட அறுத்து, கழுத்த நெரிச்சி, இந்த ஒரு ரிவால்வருக்குன்னே பண்ணது. பண்ணவர் எங்க?"

"ஆஸ்திரேலியா போய்ட்டாருங்க."

"பரவால்ல. எந்தக் கூட்ட அறுத்தாருன்னு தெரிஞ்சா அதே கூட்ட நானும் அறுப்பேன். மருந்து எவ்ளோ, ஈயம் எவ்ளோன்னு கணக்குத் தெரிஞ்சா, ஆறு இன்னா, அறுபது போட்டுத் தரேன். எனக்கு அந்த லைசென்ஸ் கீது. கூடு எதுன்னு தெரியறது சுலபம். அடியில எழுத்து அடிச்சிருப்பான்."

முனிரத்தினம் தோட்டாவைக் கவிழ்த்தார். அடி, அம்மன் நெற்றிக் காசு போல வழுவழுவென்று இருந்தது. இரண்டாவதைக் கவிழ்த்தார். அதுவும் அப்படியே. பூதக்கண்ணாடியை வைத்து ஆறையும் பார்த்து முடிக்க ஒரு காபி ஆறுகிற நேரமாயிற்று.

"ஆறாவதுல ஒரு வளைவு மட்டும் மிச்சம் கீது. 'சி'யா இருக்கலாம், 'ஜி'யா இருக்கலாம், 'ஓ'வா இருக்கலாம். மத்ததெல்லாம் மழுங்கிப்போச்சி. நானும் நாப்பது வருசமா தோட்டா பாக்கறேன், இப்டி ஒரு மினுமினுப்பப் பாத்ததில்ல. எதுல தொடைக்கிறீங்க?"

"புளி போட்டுங்க. ஊறவச்சி."

முனிரத்தினம் தோட்டாவை மெதுவாக, தூங்குகிற குழந்தையை இறக்குவது போல மேஜையில் வைத்தார். அப்புறம், "எனக்கு ஒரு கெழவரு அட்ரஸ் தெரியும்" என்றார். "இங்கிலாந்துல கீறாரு. உலகத்துல கீற தோட்டாவெல்லாம் சேத்து வச்சிகினு அதுங்க மத்தியிலயே குடியிருக்காரு. அவருக்கு எழுதிப் பாருங்க. ஆனா மருந்துக் கணக்கு தெரியாம நான் கை வெக்க மாட்டேன். ஒரு சிட்டிகை கூடிப்போனா திருடன விட்டுட்டு சுட்டவன் கையத்தான் எடுத்துகினு போவும்."

மருந்துக் கணக்கு. நடேசனுக்குத் துரையின் காகிதம் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், கணக்கு வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்போது எழுத்துப் போனால் என்ன என்று தேற்றிக்கொண்டார். ஆனால் வாசலில் கால் வைத்ததும் கோபம்தான் முதலில் வந்தது.

"பதினாலு வருசமா தேச்சித் தேச்சி எழுத்தயே அழிச்சி வச்சிகிறியே, உன்ன யாரு அடியில தேய்க்கச் சொன்னது?"

செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள். "அடியில தேய்க்காம செம்ப எப்டிய்யா கவுத்து வெப்பாங்க?"

"அது செம்பா?"

"எனக்கு எல்லாம் பித்தளதான். ஊரே வந்து பாத்து, செங்கமலம் கையே கைன்னு சொன்னப்ப நீதான மீசைய முறுக்கிகினு நின்ன. அப்ப எழுத்து எங்கன்னு ஒருதரம் கேட்டியா?"

நடேசன் பெட்டியை எடுத்துத் திறந்தார். பதினான்கு வருஷத்துச் சந்தனம் மூடியின் உட்புறம் சுவர் பூசினது போல ஏறியிருந்தது. அதன் நடுவில் குங்குமம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் இந்த வருஷத்துக் குங்குமம். ஓரத்தில் மட்டும் துரையின் எழுத்து நான்கைந்து வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது.

செங்கமலம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"அடியில நான் தேச்சேன். இது யாரு பூசினது?" என்றாள். குரலில் வெற்றி இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார்கள். சந்தனம் வந்தது, சந்தனத்தோடு மையும் வந்தது. துணி முழுக்கத் துரையின் கணக்கு நீலமாக ஊறி நின்றது, காகிதம் வெள்ளையாகிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி தப்பியது. அதை மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் ரகுபதியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

ரகுபதி வாசித்தார். "இந்த அளவுக்கு மேல் எக்காரணம் கொண்டும் போடக் கூடாதுன்னு எழுதியிருக்காரு."

"எந்த அளவுக்கு மேல?"

"அந்த எண்ணு குங்குமத்துல பூட்ச்சி."

இங்கிலாந்துக் கிழவருக்குக் கடிதம் டைப் அடித்தவரும் ரகுபதிதான். முப்பது வருஷம் பத்திரமே எழுதின கை அவருக்கு. வேறு மாதிரி எழுத வராது. 'மேற்படி ரிவால்வரானது மேற்கில் கைப்பிடியும், கிழக்கில் குழலும், வடக்கில் குறிமுனையும், தெற்கில் விசையும் எல்லையாகக் கொண்டது' என்று இங்கிலீஷில் அடித்தார். வில்லங்கம் எதுவும் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்தார். முனிரத்தினம் எழுதிக்கொடுத்த அளவுகளையும், ஆறு தோட்டாக்களின் அடியில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த ஆறு வட்டங்களையும் உள்ளே வைத்தார்கள்.

அதற்கப்புறம் நடேசன் தபால்காரரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புதுப் பெண்டாட்டி கூட பட்டாளத்துக்காரப் புருஷனை அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். தபால்காரர் பென்னலூருக்குள் வரும் வழியையே மாற்றிக்கொண்டார். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மார்கழி இருபதாம் தேதி, இங்கிலாந்து ராணி தலை போட்ட ஸ்டாம்பு ஒட்டின கடிதம் வந்தது. செங்கமலமும் ரகுபதியின் மேஜை வரை கூடவே வந்தாள். வந்த வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள்.

ரகுபதி மூன்று பக்கத்தையும் தனக்குள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல, வடக்கெல்லை தெக்கெல்லை ஒன்னும் புரியலன்னு சொல்றாரு. அது போவட்டும். இந்த மாதிரி தனி ஆள் தன் இஷ்டத்துக்குப் பண்ற தோட்டாவ அவங்க ஊர்ல 'வைல்ட்கேட்'னு சொல்வாங்களாம். காட்டுப்பூனை."

"புலின்னு சொல்லக் கூடாதா" என்றார் நடேசன்.

"இவரு பாத்த பதினோராயிரம் தோட்டால இந்த அளவுல ஒன்னுகூட இல்லியாம். உலகத்துலயே இந்த ஆறுதான் இருக்கும்னு எழுதறாரு. ரொம்ப சந்தோசப்படறாரு, நாலு எடத்துல கோடு போட்டுகிறாரு."

"கணக்கு?"

"எந்தக் கூடுன்னு அடி எழுத்து இல்லாம சொல்ல முடியாதாம். பென்சில்ல தேச்சி அனுப்பினது பௌர்ணமி மாதிரி கீதாம். மேடக்ஸ் துரைக்கு இவரே ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் பாத்துகிறாரு." ரகுபதி பக்கத்தைத் திருப்பினார். "துரை அறுபத்தெட்டுலயே தவறிட்டாராம். கணக்கெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தாராம். அவரு போனப்புறம் அவரு சம்சாரம் வூட்ட சுத்தம் பண்ணப்ப எல்லாத்தையும் கொளுத்திட்டாங்களாம்."

செங்கமலம் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அங்கயும் பொம்பளைங்க வூட்ட சுத்தமாத்தான் வச்சிகிறாங்க போலக் கீது."

ரகுபதி சிரித்துவிட்டார். நடேசனும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே ஒரு நிமிஷம் மூன்று பேரும் சிரித்தார்கள். பத்திரம் எழுத வந்து நின்றவர்கள், இவர்களுக்கு நிலம் நல்ல விலைக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"கடைசியா ஒன்னு எழுதறாரு. ஒரு தோட்டாவ மட்டும் அவருக்கு அனுப்பி வெக்கணுமாம். மிச்சத்த எக்காரணம் கொண்டும் சுடாதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிறாரு."

நடேசன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் உள்ளதைச் சொன்னார். பர்சனல் ஆபீசர் பேனாவால் மேஜையைத் தட்டி யோசித்தார். "சரி, பன்னண்டு வேணாம். இருக்கற ஆறுல ரெண்டு சுட்டுக் காட்டுங்க. ஒழுங்கா வெடிச்சா மேலே பேசிப் பாக்கறேன்." அந்த இரண்டு போனால் நான்குதான் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான்கு தோட்டாவோடு ஒரு மனுஷன் எத்தனை சம்பள வேனைக் காப்பாற்றுவான் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மார்கழி இருபத்தெட்டு காலை பத்து மணிக்குக் கம்பெனிக்குப் பின்னால் மண்மேடு ஒன்றின்மேல் இரண்டு காலி பெயிண்ட் டப்பாவை வைத்திருந்தார்கள். நடேசனைத் தவிர இன்னொரு ஆளும் வந்திருந்தான். பிள்ளைப்பாக்கம் எல்லப்பன், ஏரியில் வாத்து சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி அவனுடையது. கட்டையில் வெடிப்பு, அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அதற்கு இதுவரை யாரும் ஒரு பொட்டுகூட வைத்ததில்லை.

"அண்ணாத்தே, நீ வருவேன்னு தெரிஞ்சா நான் வந்தே இருக்கமாட்டேன்" என்றான் எல்லப்பன். "உன் துப்பாக்கி முன்னாடி இது தொடப்பக்கட்ட."

"உன் தோட்டா எங்க வாங்கின?"

"எங்க வாங்கறது? எல்லாக் கடையிலயும் விக்குது."

எல்லப்பன் முதலில் சுட்டான். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ்கள் தானாக மேஜையைவிட்டு எழுந்து உட்கார்ந்தன. செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்த காக்காய்களெல்லாம் கம்பெனிக்கு மேலே வந்து கூடின. பெயிண்ட் டப்பா இருந்த இடத்தில் டப்பாவும் இல்லை, மேடும் பாதியில்லை.

நடேசன் ரிவால்வரை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தோட்டாக்களைப் போட்டார். ஆறும் வெயிலில் தகதகத்தன. "நகை மாதிரி இருக்கே" என்று பர்சனல் ஆபீசர் வியந்தார். இருபதடி தள்ளிப் புங்கமரத்தடியில் நின்ற செங்கமலம், நடேசன் சொல்லும் பதினேழு ஓடும் இரண்டு எருமையும் ஞாபகம் வந்து, இரண்டு காதிலும் விரலை விட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

விசையை இழுத்தார். டக்.

மறுபடி இழுத்தார். டக். கேட்டதைவிட ஒன்று அதிகமாக, இரண்டு அதிகமாக, ஆறு தரமும் இழுத்தார். ஆறு டக். பதினான்கு வருஷப் புளித்தண்ணீர் ஆறு தோட்டாவின் வயிற்றுக்குள்ளும் எப்போதோ போய் மருந்தைக் கெடுத்திருந்தது.

காக்காய்கள்கூடக் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கலைந்தன. எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பர்சனல் ஆபீசர், "போயிட்டு வாங்க மிஸ்டர் நடேசன்" என்றார், துக்க வீட்டில் சொல்வது போல.

செங்கமலம் மட்டும் மரத்தடியில் இன்னும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நடேசன் அவளிடம் போய்த் தோளைத் தொடும்வரை அப்படியேதான் நின்றாள்.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"முடிஞ்சிது. வா, பஸ்ஸு வந்துடும்."

மறுநாள் போகி. வீட்டிலிருந்த பித்தளையெல்லாம் கிணற்றடியில் கிடந்தது. செங்கமலம் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு குத்துவிளக்கைத் தேய்த்தாள். மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாளே நடவு இருக்கிறது. ஒரகடத்துக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேக்குப் பெட்டியை எடுத்துவந்து நடேசன் பக்கத்தில் வைத்தபோது அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம்யா. அத நான் தொடமாட்டேன்."

"நீ தொட வேணாம்."

நடேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். புளியை உருட்டி எடுத்தார், செங்கல் தூளில் தொட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு டம்ளர் கழுவியதில்லை. ஒவ்வொன்றாகத் தேய்த்து, செம்புத் தண்ணீரில் முக்கி, கல்லின்மேல் நிறுத்தினார். ஐந்து நின்றது. ஆறாவதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் அந்த வளைவு இருந்தது, நகக்கண் அளவுக்கு. 'சி'யோ, 'ஜி'யோ, 'ஓ'வோ. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்யா. அடியில கறை கீது பாரு."

தேய்த்தார்.